புத்தகச் சொற்களில் கிரேக்கத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

'நூறு கிரேக்க வேர்கள்' என்ற மாதிரி பட்டியல் ஏதாவது கையில் இருந்தால் முதலில் அதை மூடி வையுங்கள். கிராஃப் என்றால் எழுது, பிப்லியோ என்றால் புத்தகம், லோகோஸ் என்றால் சொல் என்று மனப்பாடம் செய்துவிட்டு வருகிறவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறது. மறக்காதவர்களுக்கும் பெரிய பயன் இல்லை. கிராஃப் என்றால் எழுது என்று ஒப்பிப்பவரிடம், 'சரி, பாராகிராஃபில் யார், எதை, எங்கே எழுதினார்கள்?' என்று கேட்டுப் பாருங்கள், விழிப்பார்.

நூலகத்தில் அட்டவணை போடுவது என் தொழில். புத்தகம் வந்ததும் சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்றி, பொருள் வாரியாகப் பிரித்து, விவரம் எழுதி, முதுகில் லேபிள் ஒட்டி அலமாரிக்கு அனுப்ப வேண்டும். கேட்டலாக், பிப்லியோகிராஃபி, கிளாஸரி, அந்தாலஜி, மோனோகிராஃப் என்று நாள் முழுக்க வாயில் புழங்குகிற சொற்கள் எல்லாம் கிரேக்கம். வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துச் சொல்லிக் கொடுத்து எனக்கென்று ஒரு வழி அமைந்துவிட்டது. சொல்லுக்கு அர்த்தம் தேடுவதை ஒத்திப்போடுங்கள். அதற்குள் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பொருளோ, கை செய்கிற ஒரு வேலையோ இருக்கிறதா என்று தேடுங்கள். பழைய கிரேக்கருக்குப் புத்தகம் என்றால் கோரை, தோல், பசை, கத்தி, எழுத்தாணி. புத்தகச் சொற்களில் கணிசமானவை இந்தப் பட்டறைச் சாமான்களிலிருந்து கிளம்பியவைதான்.

கோரையிலிருந்து தொடங்குங்கள்

நைல் நதியின் சதுப்பில் வளர்ந்த ஒரு கோரை. அதன் தண்டை நீளவாக்கில் மெல்லிய பட்டைகளாகச் சீவி, ஒரு வரிசையை நெடுக்காகவும் மேலே ஒரு வரிசையைக் குறுக்காகவும் அடுக்கி, நசுக்கி அழுத்திக் காயவைத்தால் எழுதுவதற்குத் தாள் ஆகிவிடும். இந்தக் கோரையைக் கிரேக்கர்கள் பாப்பிரோஸ் என்றும் பிப்லோஸ் என்றும் சொன்னார்கள். அதிலிருந்து செய்த தாளுக்குப் பெயர் கார்ட்டேஸ். இந்த மூன்றையும் தனித்தனியே பின்தொடர்ந்தாலே ஆங்கிலத்தில் ஒரு பெரிய வட்டாரம் பிடிபடும்.

பாப்பிரோஸ் லத்தீனுக்குப் போய் பாப்பிரஸ் ஆனது, பிரெஞ்சில் பாப்பியே, ஆங்கிலத்தில் பேப்பர். இன்றைய பேப்பருக்கும் அந்தக் கோரைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நார்க்கூழில் தாள் செய்யும் முறை சீனாவில் பிறந்தது. 105-ஆம் ஆண்டில் சாய் லுன் அதை அரசவையில் அறிவித்தார் என்பது மரபு. அது அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்தபோது, வந்த புதுச் சரக்குக்குப் பழைய கோரையின் பெயரையே வைத்துவிட்டார்கள். பொருள் மாறும், பெயர் தங்கிவிடும். இது அடிக்கடி நடக்கிற சங்கதி, நினைவில் வையுங்கள்.

கார்ட்டேஸின் வம்சம் இன்னும் பெரிது. லத்தீனில் கார்ட்டா. 1215-இல் இங்கிலாந்து மன்னர் ஜான் முத்திரையிட்ட மாக்னா கார்ட்டா என்பது 'பெரிய தாள்' என்பதுதான். கார்டு, சார்ட், சார்ட்டர், கார்ட்டன், கார்ட்டோகிராஃபி எல்லாம் இதன் பிள்ளைகள். கார்ட்ரிட்ஜ் கூட; முதலில் அது வெடிமருந்தை அளந்து சுற்றிய காகிதச் சுருள். கார்ட்டூன் என்பது இத்தாலிய ஓவியர்கள் சுவரில் தீட்டுவதற்கு முன் முழு அளவில் வரைந்து பார்த்த தடித்த தாள். 1843-இல் லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்துச் சுவர் ஓவியங்களுக்காக அப்படிப்பட்ட மாதிரிகளைக் காட்சிக்கு வைத்தார்கள். அதைக் கிண்டல் செய்து பஞ்ச் என்ற பத்திரிகை தன் கேலிப்படங்களுக்கு அதே பெயரைச் சூட்டியது, பெயர் ஒட்டிக்கொண்டது. நாம் சொல்கிற 'கடுதாசி'யும் இந்த வீட்டுப் பிள்ளைதான். போர்த்துகீசிய கர்த்தாஸிலிருந்து வந்தது என்று சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி சொல்கிறது. அந்தக் கர்த்தாஸைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் கார்ட்டேஸில் போய் நிற்பீர்கள்.

மூன்றாவது, பிப்லோஸ். பினீசியர்கள் என்ற பழங்காலக் கடல்வணிகர்களின் துறைமுகம் ஒன்றுக்கு கிரேக்கர்கள் இதே பெயரை வைத்திருந்தார்கள். இன்று லெபனானில் இருக்கும் ஜுபைல்தான் அது. அந்த ஊர் வழியாகக் கோரைத்தாள் வந்ததால் தாளுக்கு ஊர்ப்பெயர் வந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஊர் முந்தியா கோரை முந்தியா என்று அறிஞர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை, அதற்குள் நாம் போக வேண்டாம். பிப்லோஸிலிருந்து பிப்லியோன், அதாவது சிறு ஏடு. அதன் பன்மை பிப்லியா, 'ஏடுகள்'. இந்தப் பன்மை லத்தீனுக்குப் போனபோது, அதன் கடைசி ஒலியைப் பார்த்து அதைப் பெண்பால் ஒருமை என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பல ஏடுகள் ஒரே பைபிள் ஆனது இப்படித்தான்.

பிப்லியோன் வைக்கிற பெட்டி பிப்லியோதேக்கே. பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன் எல்லாவற்றிலும் நூலகத்துக்கு இதுவே பெயர். தேக்கே என்றால் பெட்டி, வைக்குமிடம். அப்போதேக்கே என்றால் சரக்கு வைக்கும் கிடங்கு. அதிலிருந்துதான் மருந்துக்கடைக்காரரைக் குறிக்கும் அப்போதிகரியும், தேய்ந்து தேய்ந்து அடையாளமே தெரியாமல் போன பூட்டிக்கும் வந்தன. ஆனால் ஆங்கிலத்தின் லைப்ரரி? அது லத்தீன். லிபெர் என்றால் மரப்பட்டை.

கிரேக்கம் இல்லாதவற்றை முதலிலேயே கழித்துவிடுங்கள்

லைப்ரரியோடு இன்னும் சிலவற்றையும் இங்கேயே தள்ளிவைத்துவிட்டால் பின்னால் குழப்பம் இராது. பேஜ், வால்யூம், கோடெக்ஸ், இண்டெக்ஸ், சாப்டர், மேனுஸ்கிரிப்ட், டிக்‌ஷனரி எல்லாம் லத்தீன். டெக்ஸ்டும் அப்படியே, நெய்தல் என்ற வினையிலிருந்து வந்தது. இழையையும் நூல் என்கிறோம், ஏட்டையும் நூல் என்கிறோம், ரோமானியர்களும் ஏறக்குறைய அப்படித்தான் யோசித்திருக்கிறார்கள். புக் என்ற சொல்லோ ஜெர்மானியக் குடும்பம். ஆக, ஆங்கிலத்தில் புத்தகம் என்ற சொல்லே கிரேக்கம் இல்லை. அதைச் சுற்றி இருக்கிற கைவேலைதான் கிரேக்கம்.

அகராதிப் பதிவை எப்படிப் படிப்பது

இப்போது ஒரு நல்ல சொற்பிறப்பு அகராதியைத் திறங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கிரேக்கத்துக்கு லிடெல், ஸ்காட் இருவரும் 1843-இல் வெளியிட்ட பேரகராதியின் பிந்தைய பதிப்பை டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் தளத்தில் பார்க்கலாம். கிரேக்க எழுத்து இருபத்து நான்குதான். ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்தால் எழுத்துக்கூட்டிப் படிக்க வந்துவிடும், அதற்கு மேல் இந்த வேலைக்குத் தேவையில்லை.

பதிவைப் பின்னாலிருந்து முன்னால் படியுங்கள். அதாவது கடைசியில் கொடுத்திருக்கும் மிகப் பழைய பொருளிலிருந்து தொடங்கி இன்றைய பொருளுக்கு வாருங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் நின்று, 'இந்த இடத்தில் கையில் என்ன இருந்தது?' என்று கேளுங்கள். நட்சத்திரக் குறி போட்ட வடிவம் வந்தால் எச்சரிக்கை. அது எந்த ஏட்டிலும் எழுதி வைக்கப்பட்டதல்ல, மொழியியலாளர்கள் ஊகித்து மீட்டெடுத்தது. அந்த நட்சத்திரத்தின் பெயரான ஆஸ்டெரிஸ்க்கும் கிரேக்கம்தான். ஆஸ்டெரிஸ்கோஸ், குட்டி நட்சத்திரம்.

புரோட்டோகாலை எடுத்து ஒருமுறை முழுசாகச் செய்து பார்ப்போம். இன்று இந்தச் சொல்லைக் கேட்டால் அமைச்சர் வருகையும் யார் எங்கே உட்காருவது என்பதும் ஞாபகம் வரும், அல்லது கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் விதிமுறை. புத்தகத்தோடு என்ன சம்பந்தம்? அகராதியின் கடைசி வரிக்குப் போங்கள்: புரோட்டோஸ், முதல், கொல்லா, பசை. கோரைத்தாளை ஒன்றோடொன்று பசை போட்டு ஒட்டித்தான் நீண்ட சுருளாக்குவார்கள். அந்தச் சுருளின் முன்னால் ஒட்டிய முதல் தாள்தான் புரோட்டோகொல்லோன். பைசாந்தியக் காலத்தில், அதாவது கிழக்கு ரோமப் பேரரசின் காலத்தில், அந்த முதல் தாளில் அதிகாரியின் பெயரும் தேதியும் இருக்கும், சரக்கு அசல் என்பதற்கு அத்தாட்சியாக. பத்திரம் எழுதுகிறவர்கள் அதை வெட்டி எறியக்கூடாது என்று 6-ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் சட்டமே போட்டார். அத்தாட்சித் தாள் என்பது மெல்ல அசல் ஆவணம் என்றானது. அப்புறம் தூதர்கள் கையெழுத்திடும் உடன்படிக்கையின் மூலவரைவு, அப்புறம் தூதர்கள் நடந்துகொள்ள வேண்டிய முறை, கடைசியில் கணினி. ஒட்டிய ஒரு தாள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது!

பசை கிடைத்ததும் அகராதியை மூடிவிடாதீர்கள். கொல்லா வேறு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். படங்களை ஒட்டிச் செய்யும் கொலாஜ், கொதிக்க வைத்தால் பசையாகிற உடற்புரதமான கொலாஜென், 1861-இல் வேதியியலாளர் தாமஸ் கிரஹாம் பெயரிட்ட கொலாய்டு. மூன்றிலும் அதே பசை. ஒரு சொல்லுக்குப் பாடுபட்டால் பக்கத்தில் மூன்று சும்மா கிடைக்கும், இந்த முறையில் எனக்குப் பிடித்த லாபம் இது.

கத்தியும் எழுத்தாணியும்

டோமோஸ் என்றால் வெட்டிய துண்டு. பெரிய நூலின் ஒரு பகுதியை, ஒரு சுருளை அப்படிச் சொன்னார்கள். டோம் என்ற ஆங்கிலச் சொல் இப்போது தடித்த புத்தகத்தைக் குறிப்பது வேடிக்கைதான். வெட்ட முடியாதது ஆட்டம், அதாவது அணு. வெட்டிப் பிரித்துப் பார்ப்பது அனாட்டமி. எபிட்டமி என்றால் மேலாக வெட்டி எடுத்த சுருக்கம். இன்றைக்கு 'அவர் பொறுமையின் எபிட்டமி' என்கிறபோது, பொறுமையைச் சுருக்கினால் கிடைக்கிற பதிப்பு அவர் என்று பொருள். இன்னொரு வெட்டும் இருக்கிறது: கோப்டைன், நறுக்குதல். அதில் பிறந்த கொம்மா என்றால் நறுக்கு, பேச்சின் சிறு துண்டு. நம் கமா.

எழுத்தாணிப் பக்கம் வந்தால் கிராஃபைன். எழுது என்று எல்லாரும் சொல்லிக் கொடுப்பார்கள். அதற்கு முந்தைய பொருள் கீறு, பிறாண்டு. வரைவதற்கும் அதே வினை. இது தமிழனுக்குப் புதிதில்லை, ஓவியம் எழுதுவதும் கண்ணுக்கு மை எழுதுவதும் நமக்கும் எழுத்துதானே. சரி, இப்போது பாராகிராஃபுக்கு வாருங்கள். பழைய கிரேக்கச் சுருள்களில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது, எழுத்துகள் இடித்துக்கொண்டே போகும். நாடகப் பிரதியில் பேசுகிறவர் மாறினாலோ, உரைநடையில் பகுதி மாறினாலோ, வரியின் தொடக்கத்தில் ஓரத்தை ஒட்டி ஒரு சிறு கோடு கீறுவார்கள். பாரா என்றால் பக்கத்தில். பக்கத்தில் கீறிய கோடு, பாராகிராஃபோஸ். அந்தக் கோட்டின் பெயர் பின்னால் அந்தப் பகுதிக்கே ஆகிவிட்டது. முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

கேரக்டர் என்பதும் கீறல்தான். கராக்டேர் என்றால் உலோகத்தில் பொறிக்கும் கருவி, அது விட்டுச் சென்ற தடம். அச்சு எழுத்தையும் மனிதனின் குணத்தையும் ஒரே சொல்லால் சொல்வது இதனால்தான்: இரண்டும் பொறிக்கப்பட்டவை. டைப் என்பது டூபோஸ், அடித்ததால் விழுந்த பதிவு. ஸ்டீரியோடைப்பில் வருகிற ஸ்டெரியோஸ் என்றால் கெட்டியானது. அச்சுக்கோத்த பக்கத்தை அப்படியே அச்செடுத்து ஒரே உலோகத் தகடாக வார்த்துவிட்டால் எத்தனை முறை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், மாற்றம்தான் செய்ய முடியாது. மக்களைப் பற்றி மாறாத அபிப்பிராயம் வைத்திருப்பதற்கு அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் 1922-இல் இந்தச் சொல்லைப் பிடித்துப் போட்டார். அச்சகத்தில் நின்றவர்களுக்குத்தான் அந்தப் பொருத்தம் முழுசாகப் புரியும்.

சுரண்டுவதற்கும் ஒரு சொல் உண்டு. பாலிம்செஸ்ட் என்றால் மறுபடி சுரண்டியது. தோல் விலை அதிகம் என்பதால் பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு மேலே புதிதாக எழுதுவார்கள். ஆர்க்கிமிடீஸின் நூல்களைத் தாங்கிய 10-ஆம் நூற்றாண்டுப் பிரதி ஒன்றை 13-ஆம் நூற்றாண்டில் சுரண்டிப் பிரார்த்தனைப் புத்தகம் ஆக்கிவிட்டார்கள். 1906-இல் டென்மார்க் அறிஞர் ஹைபெர்க் கான்ஸ்டான்டினோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) அதைப் பார்த்து, அடியில் மங்கிக் கிடந்த கணிதத்தைப் படித்தார்.

எழுத்துக்கூட்டல் தரும் துப்பு, தராத துப்பு

ஆங்கில எழுத்துக்கூட்டலே சில நேரம் காட்டிக்கொடுக்கும். பியும் எச்சும் சேர்ந்து 'ஃப' என்று ஒலித்தால், சியும் எச்சும் சேர்ந்து 'க' என்று ஒலித்தால், சொல்லின் நடுவே வொய் நின்றால், தொடக்கத்தில் பி ஊமையாகி எஸ் மட்டும் கேட்டால் அநேகமாகக் கிரேக்கம். கிரேக்கத்தின் ஃபை, கை என்ற எழுத்துகளுக்கு லத்தீனில் ஈடு கிடையாது, அதனால் ரோமானியர்கள் எச்சைத் துணைக்குச் சேர்த்து எழுதினார்கள். வொய்யை கிரேக்கச் சொற்களுக்காகவே எடுத்து வைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் அந்த எழுத்தை 'கிரேக்க இ' என்றுதான் சொல்கிறார்கள். பிப்லியோஃபைல், ஆர்க்கைவ், லிரிக், சூடோனிம் ஆகியவை இப்படி மாட்டிக்கொள்பவை. ஆர்க்கைவ் முதலில் புத்தகக் கிடங்கு கூட இல்லை, ஆட்சியாளரின் அலுவலகம். அங்கே பத்திரங்கள் சேர்ந்ததால் பெயர் அவற்றுக்குப் போனது.

இந்த விதியை நம்பி மட்டும் உட்காராதீர்கள். பேப்பர், கார்டு, டோம் எதிலும் இந்தத் துப்பு ஒன்றுகூட இல்லை. இங்க் என்ற குட்டிச் சொல்லைப் பாருங்கள், கிரேக்கம் என்று யார் சொல்வார்கள்? எங்கௌஸ்டோன் என்றால் சுட்டுப் பதித்தது. பிற்கால ரோமப் பேரரசர்கள் கையெழுத்துப் போட்ட செந்நீல மைக்கு அந்தப் பெயர் இருந்தது. லத்தீனில் என்காஸ்டம், பழைய பிரெஞ்சில் தேய்ந்து என்க், ஆங்கிலத்தில் இங்க். காஸ்டிக் சோடாவில் எரிகிற காஸ்டிக்கும் இதன் உறவு. மறுபக்கம், ஸ்டைலஸில் வொய் இருக்கிறது, ஆனால் சொல் லத்தீன், ஸ்டிலுஸ். தூண் என்று பொருள்படும் கிரேக்க ஸ்டூலோஸோடு யாரோ முடிச்சுப் போட்டு வொய்யைச் சொருகிவிட்டார்கள்.

ஒட்டுச் சொற்களைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. புரோ முன்னால், எபி மேலே அல்லது பின்னோடு, பாரா பக்கத்தில், பெரி சுற்றி, சின் கூட, கட்டா கீழே அல்லது முழுக்க. இவற்றை வைத்து புரோலாக், எபிலாக், சினாப்ஸிஸ் எல்லாம் தாமே பிரிந்துவிடும். ஒன்றில் மட்டும் தடுக்கி விழுவார்கள்: டயலாக். டை என்றால் இரண்டு, அதனால் இருவர் பேசுவது என்று பாடப்புத்தகம் படித்தவர்கள்கூடச் சொல்வார்கள். அது டியா, ஊடே. பேச்சு பலருக்கு ஊடே போய்வருவது. பத்துப் பேர் பேசினாலும் டயலாக்தான்.

லாக் என்று முடிகிற சொற்களுக்குப் பின்னால் இருக்கும் லெகைன் என்ற வினை தனிக் கவனத்துக்கு உரியது. முதலில் பொறுக்கு, சேர். அப்புறம் எண்ணு. அப்புறம் சொல். தமிழில் 'எண்ணுதல்' கணக்குக்கும் நினைப்புக்கும் பொதுவாக இருப்பதை யோசித்தால் இந்த நகர்வு விசித்திரமாகத் தெரியாது. கேட்டலாக்கில் வருவது எண்ணிப் பட்டியலிடுகிற லெகைன். எகிப்தின் அலெக்சாந்திரியா நூலகத்தில் இருந்த நூல்களை கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் கவிஞர் கல்லிமாகஸ் வகைவாரியாகப் பட்டியலிட்டது 120 சுருள்களுக்கு ஓடியதாம். எழுத்தாளர் பெயர், அவரைப் பற்றிச் சிறு குறிப்பு, நூலின் முதல் வரி, மொத்த வரிகளின் எண்ணிக்கை என்று அவர் கொடுத்த விவரங்களைப் பார்த்தால் எங்கள் தொழிலில் அதற்குப்பின் பெரிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லையோ என்று தோன்றும். அந்தாலஜியில் இருப்பது பொறுக்குகிற லெகைன். ஆந்தோஸ் என்றால் பூ. பூப்பறித்தல். கதாரா ஊர்க்காரரான மெலியாகர் கி.மு. முதல் நூற்றாண்டில் பல கவிஞர்களின் குறும்பாடல்களைத் தொகுத்து 'மாலை' என்று பெயரிட்டு, ஒவ்வொரு கவிஞரையும் ஒரு பூவாகச் சொன்னார். பாமாலை கட்டிப் பழகிய நமக்கு விளக்கம் வேண்டாம்.

நிறுத்தக்குறிகளும் அலெக்சாந்திரியாச் சரக்கு. கி.மு. 200 வாக்கில் அங்கே நூலகராக இருந்த பைசாந்தியம் ஊரின் அரிஸ்டோபனீஸ் (நாடகக்காரர் வேறு) வரிகளுக்கிடையே மேல், நடு, கீழ் என்று மூன்று உயரங்களில் புள்ளி வைத்து, எவ்வளவு நிறுத்திப் படிக்க வேண்டும் என்று காட்டினார். கொம்மா, கோலோன், பெரியோடோஸ் என்பவை அப்போது பேச்சுத் துண்டுகளின் பெயர்கள்: நறுக்கு, உறுப்பு, ஒரு முழுச் சுற்று. குறிகளுக்கு அந்தப் பெயர்கள் பின்னால்தான் தாவின. ஹைஃபனும் இடைவெளியில்லாத எழுத்தின் குழந்தை. ஹுப் ஹென், 'ஒன்றின் கீழ்'. ஒன்றாகப் படிக்க வேண்டிய எழுத்துகளுக்குக் கீழே வில் மாதிரி ஒரு வளைவு போடுவார்கள்.

கதை அழகாக இருந்தால் சந்தேகப்படுங்கள்

சொற்பிறப்பில் இறங்கினால் கதைகள் வந்து மொய்க்கும். பார்ச்மென்ட் என்பதற்கு ஒரு பிரபலக் கதை உண்டு. இன்றைய துருக்கியில் இருந்த பெர்கமோனின் அரசர் யூமனீஸ் கட்டிய நூலகத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்ட எகிப்தின் டாலமி, கோரைத்தாள் ஏற்றுமதியை நிறுத்திவிட்டார், உடனே பெர்கமோன்காரர்கள் தோலில் எழுதுவதைக் கண்டுபிடித்தார்கள் என்று ரோமானிய அறிஞர் வார்ரோவை மேற்கோள் காட்டி இன்னொரு ரோமானியரான பிளினி எழுதியிருக்கிறார். ஊர்ப்பெயரிலிருந்து சொல் வந்தது உண்மை. ஆனால் கி.மு. 5-ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், அயோனியர்கள் என்ற கிழக்குக் கிரேக்கர்கள் ஏடுகளை 'தோல்கள்' என்று சொல்வதையும், தாள் கிடைக்காத காலத்தில் வெள்ளாட்டுத் தோலிலும் செம்மறித் தோலிலும் எழுதியதையும் குறிப்பிடுகிறார். பெர்கமோன் தோல் எழுத்தைக் கண்டுபிடிக்கவில்லை, பேர் வாங்கியது.

ஹெரோடோட்டஸ் சொன்ன அந்தத் தோலுக்குக் கிரேக்கச் சொல் டிஃப்தெரா. தொண்டையில் தோல் மாதிரி சவ்வு படர்கிற நோய்க்கு 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் பிரெத்தோனோ அதை வைத்துப் பெயரிட்டதால் டிப்தீரியா ஆனது. கிழக்கே பாரசீகம் வழியாக வந்த கிளை, இந்தி, உருதுவில் அலுவலகத்தைக் குறிக்கும் தஃப்தர். ஏடு, நோய், ஆபீஸ், மூன்றுக்கும் ஒரே தோல்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டவர், ஊர், தேதி சொல்லும் குறிப்புக்கு கொலோஃபன் என்று பெயர். 1457-இல் மைன்ஸ் நகரில் ஃபுஸ்ட், ஷோஃபர் இருவரும் அச்சிட்ட பைபிள் சங்கீதங்களின் புத்தகத்தில் இருப்பதுதான் அச்சு நூலில் தேதியோடு வந்த முதல் கொலோஃபன். தலைப்புப் பக்கம் இல்லாத பழம்பதிப்புகளுக்கு எங்களுக்கு அதுவே கதி. கொலோஃபோன் என்ற ஊரின் குதிரைப்படை இறங்கினால் எந்தப் போரும் முடிந்துவிடும், அதனால் முடிவுக்கு அந்தப் பெயர் என்று பழைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதினார். கேட்க நன்றாக இருக்கிறது. கொலோஃபோன் என்ற கிரேக்கச் சொல்லுக்கே உச்சி, முத்தாய்ப்பு என்ற பொருள் உண்டு, அதுவே போதும், குதிரை வேண்டாம்.

பிழையிலேயே பிறந்த சொற்களும் இருக்கின்றன, இவற்றை அகராதியில் பிடிப்பது தனி சுகம். கி.மு. 56-இல் ரோமானியப் பேச்சாளர் சிசரோ தன் நண்பர் அட்டிகஸுக்கு எழுதிய கடிதத்தில், நூலக வேலை தெரிந்த இருவரை அனுப்பு, சுருள்களைப் பசை போட்டு ஒட்ட வேண்டும், லேபிள் செய்யக் கொஞ்சம் தோலும் கொண்டுவரச் சொல், கிரேக்கர்களான நீங்கள் அதை 'சிட்டூபா' என்பீர்கள் என்கிறார். சுருளின் முனையில் தொங்குகிற பெயர்ச்சீட்டுதான் சிட்டூபா. நான் புத்தகத்தின் முதுகில் ஒட்டுவதன் கொள்ளுப்பாட்டி. கையெழுத்துப் பிரதிகளில் அந்தச் சொல் சிதைந்து, 15-ஆம் நூற்றாண்டில் அச்சேறியபோது சிலபஸ் ஆகிவிட்டது. அப்படி ஒரு சொல் கிரேக்கத்தில் இருந்ததே இல்லை. வொய்யையும் பன்மையில் சிலபை என்று லத்தீன் விகுதியையும் போட்டு அதற்குப் பரம்பரைக் கௌரவம் கொடுத்தது பின்னால் வந்தவர்கள். என்சைக்ளோபீடியாவும் இந்தச் சாதிதான். எங்கூக்லியோஸ் பைதேயா, 'எல்லாரும் சுற்றிவர வேண்டிய பொதுக்கல்வி' என்ற இரண்டு சொற்களைப் பிரதியெடுத்தவர்கள் ஒன்றாகச் சேர்த்துப் படித்ததால் வந்தது.

அகராதிக் குடும்பத்தைக் கடைசியாகச் செய்யச் சொல்வேன், அதுவரை வந்தவர்களுக்கு எளிது. குளோஸா என்றால் நாக்கு, அப்புறம் மொழி, அப்புறம் விளக்கம் தேவைப்படும் அயற்சொல். அவற்றின் தொகுப்பு கிளாஸரி. தேசவுரோஸ் என்றால் களஞ்சியம், புதையல்; டிரெஷர் என்பதும் அதே சொல்தான், பிரெஞ்சு வழியாக வந்ததால் முகம் மாறிவிட்டது. 1852-இல் மருத்துவர் பீட்டர் மார்க் ரோஜெட் தன் சொற்களஞ்சியத்துக்கு தெசாரஸ் என்று பெயரிட்டதிலிருந்து அந்தப் பெயர் அந்த வகைக்கே நின்றுவிட்டது. லெக்ஸிகனில் பிப்லியோன் ஒளிந்திருக்கிறது: லெக்ஸிகோன் பிப்லியோன், 'சொல் ஏடு' என்பதில் பின்பாதி உதிர்ந்துபோய்விட்டது.

குறிப்பேடு வைத்துக்கொள்பவர்களுக்கு ஒரு யோசனை. அகரவரிசையில் எழுதாதீர்கள். பசை, தோல், கத்தி, கோரை, எழுத்தாணி என்று பக்கம் பிரித்து, புதுச் சொல் அகப்படும்போதெல்லாம் உரிய பக்கத்தில் சேருங்கள். எதிலும் அடங்காதவற்றுக்குக் கடைசியில் சில பக்கங்கள் விட்டு வையுங்கள், அவைதான் பிற்பாடு சுவாரசியமாக இருக்கும். தொடங்குவதற்கு டிப்ளமாவை வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறேன். டிப்ளமேட் என்ற தூதருக்கும் அதற்கும் ஒரே மூலம், துப்பு வேண்டுமென்றால் 'மடிப்பு'. எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.